ஆச்சி குடித்த சூப்பு: கியோத்தோ நாட்குறிப்பு

டிசம்பர் 24, 2024, செவ்வாய்

அறைக்கதவைத் திறந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "மீதி ரூம் எங்கட்டி?"

இரண்டு கட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, அவ்வளவுதான் அறை. 15 சதுர மீட்டர் என்று பதிவு செய்யும்போதே போட்டிருந்தார்கள். சதுர மீட்டரை நாம் யார் மனசில் வாங்குகிறோம்? ஒரு பெட்டியைத் திறக்க வேண்டுமானால் இன்னொன்றை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். நானும் அம்மாவும் சின்னவளும் இங்கே. இவரும் பெரியவனும் எதிர் அறையில்.

நேற்று ராத்திரி சென்னையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, கன்சாயில் இறங்கி, ஹருகா ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், பிறகு சுரங்க ரயிலில் இரண்டு நிறுத்தம். சிஜோ-கரசுமா சந்திப்பை ஒட்டிய தெருவில் ஹோட்டல். அப்பா மூட்டுவலியைச் சாக்குச் சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டார். வாடகை முன்பே கட்டியாயிற்று. ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 யென் தங்கும் வரி மட்டும் தனியாக வாங்கிக்கொண்டார்கள். நூறு யென் என்பது இன்றைக்கு நம் 54 ரூபாய் சொச்சம். சீப்பு, ரேசர், பிரஷ் எதுவும் அறையில் கிடையாது. கீழே தட்டில் வைத்திருக்கிறார்கள், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 2022-இல் பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சட்டம் வந்த பிறகு இப்படியாம். அம்மா ஐந்து சீப்பு எடுத்தாள். மூன்றை நான் திருப்பி வைத்தேன்.

அடுத்தது குக்கர். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அதனால் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாயோடு ஒரு குட்டி எலக்ட்ரிக் குக்கரையும் சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். அறையில் சமைக்கக் கூடாது என்று மேஜையிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறது. "வெந்நி வைக்கிறது சமையலாட்டி?" என்று சொருகிவிட்டாள். முக்கால் மணி நேரம் ஆகியும் அரிசி அசையவில்லை. இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம்முடைய 230 வோல்ட், 300 வாட் குக்கர் இங்கே 60 வாட்டைக்கூட எட்டாது. பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள் நான். இதைச் சென்னையிலேயே யோசித்திருக்க வேண்டாமா?

இவர் வெளியே போய், சமைத்துப் பொதிந்த சாதம் வாங்கி வந்தார். 200 கிராம் டப்பா. எங்கள் மாடியிலேயே ஐஸ் மெஷினுக்குப் பக்கத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது, இரண்டு நிமிஷத்தில் ஆவி பறந்தது. ஒட்டு ஒட்டாக இருக்கும் அந்தச் சாதத்தில் புளிக்காய்ச்சல் பிசைந்தால் உதிரவே உதிராது, உருட்டினால் கொழுக்கட்டை. ஆனாலும் ருசி. கீழே தெருவில் பொரித்த கோழிக்கு வரிசை நிற்கிறது. கேஎஃப்சி 1974-இல் கிளப்பிவிட்ட விளம்பரம், இங்கே கிறிஸ்துமஸ் என்றால் கோழி என்று ஆகிவிட்டது.

டிசம்பர் 25, புதன்

ஹோட்டல் காலைச் சாப்பாட்டு வாசலில் 'வைகிங்' என்று எழுதியிருக்கிறது. வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபேக்கு இங்கே அதுதான் பெயர். 1958-இல் தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் வைத்த பெயர் நாடு முழுக்க ஒட்டிக்கொண்டதாம்.

சாதம், சுட்ட மீன், முட்டைச் சுருள், நூல்நூலாக இழுக்கும் நாத்தோ என்ற புளித்த சோயா, ஊதா நிறத்தில் கத்தரிக்காய் ஊறுகாய். அது ஷிபாசுகே, கியோத்தோவுக்கே உரியது. பெரியவன் நாத்தோவை மோந்து பார்த்துவிட்டு, "அப்பாவோட ஷூ" என்றான். ஓரத்தில் ஒரு பெரிய பானையில் மிசோ சூப்பு. சோயா பயறை அவித்து அரைத்துப் புளிக்க வைத்த விழுது, மிதக்கிற தோஃபு என்ற சோயாப்பால் கட்டி, கொஞ்சம் கடற்பாசி. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. "பருப்புத் தண்ணி ரசம் மாதிரி இருக்குல்லா?" என்று மூன்று கிண்ணம். நானும் நிம்மதியாக என் முட்டையைத் தின்றேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் முட்டை வரைக்கும் வந்திருக்கிறேன், அதற்கு மேல் போகவில்லை.

சாயங்காலம் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், நாளைக்கு அம்மாவுக்கு எதெல்லாம் ஆகும் என்று போன் மொழிபெயர்ப்பில் கேட்டேன். மிசோ சூப்பில் மீன் உண்டா? இல்லவே இல்லை என்று தலையாட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்து ஏதோ சேர்த்துச் சொன்னாள். போன் காட்டியது: "மீன் இல்லை. கட்சுவோ தாஷி மட்டும்."

தாஷி என்றால் இவர்கள் சமையலின் அடித்தண்ணீர். கொம்பு என்ற தடித்த கடற்பாசியை ஊறவைத்து, கட்சுவோபுஷியைச் சீவிப் போட்டு, வடிகட்டி எடுப்பது. கட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, நம்ம மாசிக்கருவாடுதான். அதே சூரை மீன். அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்தது. சூப்பில் மட்டுமில்லை, காய்கறிக் கூட்டு, நூடுல்ஸ் குழம்பு, முட்டைச் சுருள் வரை அதுதான். மீன் துண்டு கண்ணில் படாதவரை இவர்கள் கணக்கில் அது மீன் இல்லை.

இவர், "ஆச்சிகிட்டச் சொல்லாத, பயணம் கெட்டுப்போகும்" என்றார். படுக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

அம்மா நேராகப் பானைக்குப் போனாள்.

"வேண்டாம்மா."

"ஏம்?"

"அதுல மீன் போட்ட தண்ணி."

கிண்ணமும் கையுமாக நின்றாள். "நேத்தும் அதானா?"

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நேத்து சாயந்தரம்."

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "தெரியாமக் குடிச்சதுக்கு நெல்லையப்பர்ட்ட நான் சொல்லிக்கிடுவேன். நீ தெரிஞ்சும் ராத்திரி பூரா எம் பக்கத்துலயே படுத்துக் கிடந்திருக்கியேட்டி."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. வெறும் சாதமும் பருப்புப் பொடியும். நல்லெண்ணெய்க்குப் பதில் அங்கேயிருந்த வறுத்த எள்ளை நுணுக்கிப் போட்டுக்கொண்டாள்.

நிஷிகி சந்தைக்கு நடந்தே போனோம். 390 மீட்டர் நீளத்துக்கு ஒரே சந்து, மேலே கூரை, இரண்டு பக்கமும் கடை. வருஷக் கடைசி என்பதால் ஊரே புத்தாண்டுக்குச் சாமான் வாங்க வந்திருந்தது. தைப்பொங்கலுக்கு முதல் நாள் டவுன் மார்க்கெட் மாதிரி, சத்தம் மட்டும் கிடையாது. கறுப்புச் சோயாவைப் பாகில் வேகவைத்து விற்கிறார்கள். நடந்துகொண்டே தின்னாதீர்கள் என்று பலகை. பெரியவன் ஒரு குச்சி வாங்கினான்: உள்ளங்கை அளவு ஆக்டோபஸ், செக்கச்செவேல் என்று, எட்டுக் காலும் சுருண்டு, தலைக்குள் காடை முட்டை. கடை ஓரத்தில் நின்று தலையைக் கடித்தான். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஊறுகாய்ப் பீப்பாயை ரொம்ப நேரம் பார்த்தாள்.

மத்தியானம் பாக்கெட் பாக்கெட்டாக எடுத்துப் போனில் படம் பிடித்து எழுத்தை வாசித்ததுதான் என் வேலை. முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு மாதிரி ஒவ்வாமைப் பொருள்களை இங்கே கட்டாயம் தனித்துக் காட்ட வேண்டும். சூரை மீன் அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்துக் கடலுக்குள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலில்கூட இருந்தது. கடைசியில் கிடைத்தது உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டை.

இருட்டியதும் சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு வாசனை. சூடான கூழாங்கல் மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அடுக்கியிருக்கிறார்கள். யாகி-இமோ. மெதுவாக வேகிறதால் தோலுக்கு வெளியே பாகு கசிந்து கருகி ஒட்டியிருக்கிறது. பிட்டால் உள்ளே தங்க நிறம், கிழங்கு என்றே சொல்ல முடியாது, அல்வா. வெளியே நாலு டிகிரிக் குளிர். அம்மா அதைக் காகிதப் பையோடு இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். பாதி தின்ற பிறகு, "இதுல ஒண்ணும் ஊத்தலையே?" என்றாள். பேச்சு திரும்பி வந்துவிட்டது. இன்னும் இரண்டு வாங்கினோம்.

டிசம்பர் 27, வெள்ளி

காலையில் நாங்கள் உட்கார்ந்ததும் சமையல்காரர் மூடி போட்ட சின்னக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து அம்மா முன்னால் இரண்டு கையாலும் வைத்தார். "கொம்பு. கொம்பு மட்டும்," என்றார். வரவேற்புப் பெண் சொல்லியிருக்கிறாள். அம்மா கும்பிட்டாள், அவர் குனிந்தார், இவள் மறுபடி கும்பிட, அவர் மறுபடி குனிய, எங்கே நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

குடித்துவிட்டு என் காதில் சொன்னாள்: "முந்தாநாத்து ருசி இல்லட்டி."

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவள் நாக்கு சொன்னது அறிவியல். இக்கெடா கிக்குனாயே என்ற வேதியியலாளர், இந்தக் கியோத்தோவில் பிறந்தவர், 1908-இல் கொம்பிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷம் அஜினமோட்டோ என்று கடைக்கு வந்தது அதுதான். 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா ஷின்தாரோ கட்சுவோபுஷியில் இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் ஒன்று சேர்ந்தால் ருசி கூட்டலில் ஏறாது, பெருக்கலில் ஏறும். மீனை எடுத்தால் பெருக்கல் போச்சு.

அதற்கு மாற்று மத்தியானம் கிடைத்தது. அரஷியமாவில் தென்ரியூ-ஜி, 1339-இல் தொடங்கிய ஜென் கோயில். உள்ளேயே ஷிகெட்சு என்ற சாப்பாட்டுக் கூடம். துறவிகளின் ஷோஜின் சமையல், முன்பதிவு செய்திருந்தோம். தரையில் சிவப்பு விரிப்பு, ஆளுக்கொரு தாழ்ந்த பலகை, அதில் சிவப்பு அரக்குக் கிண்ணங்கள். இவருக்குக் காலை மடக்க முடியவில்லை. பெரியவனுக்குப் பத்து நிமிஷத்தில் கால் மரத்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்து பழகிய அம்மா சம்மணம் போட்டு ஜம்மென்று இருந்தாள்.

கறி, மீன் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை என்றதும், "அமாவாசைச் சமையல்லா!" என்றாள். திங்கட்கிழமைதான் அமாவாசை, மூணு நாள் முன்னாடியே வந்துவிட்டது. எள்ளை அரைத்து ஒருவகைக் கிழங்கு மாவோடு கிண்டிய கோமா-தோஃபு. பெயரில்தான் தோஃபு, சோயா கிடையாது. குச்சியால் தொட்டால் அதிர்ந்து நிற்கிறது. நம் எள்ளுத் துவையல் காரத்தை விட்டுச் சாமியாராகப் போனால் இப்படித்தான் இருக்கும். தெளிந்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். "இதுல இருக்கே அந்த ருசி. கேளு."

கேட்டேன். கொம்பும் காய்ந்த ஷிட்டாக்கே காளானும். காளானில் குவானிலேட், மீனிடம் இருக்கும் அதே பெருக்கல் வேலை. அம்மா பலகையில் ஒரு பருக்கை விடவில்லை. பெரியவன் வெளியே வந்ததும் பசிக்கிறது என்றான்.

டிசம்பர் 28, சனி

அஞ்சு மணிக்கே அம்மா எழுப்பினாள். மேல்மாடியில் பெண்களுக்குத் தனி வெந்நீர்க் குளியலறை, கதவுக்கு ரகசிய எண். உடுப்பு ஒன்றும் கூடாது. சின்ன முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது. நான் கூச்சத்தில் கதவருகே நிற்கிறேன். "குறுக்குத்துறையில பாவாடையை ஏத்திக் கட்டிக்கிட்டு முப்பது பொம்பளைங்களோட குளிச்சவ நான். இங்க ஒருத்தியும் இல்ல, வா," என்று இறங்கியவள் ஒரு மணி நேரம் ஏறவில்லை. தாமிரபரணி இப்படிச் சுட்டால் ஊரில் ஒருவரும் வேலைக்குப் போகமாட்டார்கள் என்றாள்.

பகலில் ஃபுஷிமி இனாரி கோயில். ஆரஞ்சு வாசல்கள், கூட்டம், சின்னவளைத் தூக்கி என் முதுகு போச்சு. நரிச் சிலைகளுக்கு வணக்கம். ராத்திரி துணி துவைத்தோம். எந்த மெஷின் காலி என்று அறை டிவியிலேயே தெரிகிறது.

டிசம்பர் 29, ஞாயிறு

கிளம்பும்போது சமையல்காரர் கண்ணில் படவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை அம்மா வரவேற்புப் பெண்ணிடம் கொடுத்து, அவரிடம் சேர்க்கச் சொன்னாள். மூடியைத் திறந்து மோந்த அந்தப் பெண்ணின் முகம் ஒரு நொடி மாறி, உடனே சரியானது. பெட்டியில் குக்கர் இருந்த இடத்தில் ஒரு கட்டுக் கொம்பும் ஷிட்டாக்கே பாக்கெட்டும். குக்கர் இவருடைய கைப்பைக்குப் போயிற்று.

டிசம்பர் 30, திங்கள், சென்னை

அமாவாசை. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, ரசம். விரதச் சமையலில் காளான் ஆகாது என்று ஷிட்டாக்கேயைத் தொடவில்லை. கொம்பை மட்டும் விடியற்காலையிலேயே ஊறப்போட்டிருக்கிறாள். "கடல்ல விளையுற உப்பைப் போடுதோம்லா. இதுவும் அங்கன விளைஞ்சதுதான்."

காக்கைக்கு வைத்துவிட்டு வந்து அப்பாவுக்கு ரசம் ஊற்றினாள். நானும் அவளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா இரண்டு வாய் உறிஞ்சினார்.

"பெருங்காயம் போட மறந்துட்டியா?"