மதிப்பீட்டுக்குப் பதினைந்து தாள்: ஆறு வாரக் குறிப்பு

வாரம் 1

ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் இரண்டு வருடம் முடிகிறது. வெளியிலிருந்து ஒரு ஓவியர் வந்து பார்ப்பாராம். ஆளுக்குப் 15 தாள், கூடவே ஸ்கெட்ச் புத்தகம். வீட்டுக்கு வந்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு, வரைந்த எல்லாவற்றையும் ஹால் தரையில் பரப்பினேன். 64 தாள். அதில் 22 கட்டம் போட்டு வரைந்த முகங்கள். போட்டோவில் 1 செ.மீ. கட்டம், தாளில் 3 செ.மீ. கட்டம், ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்புவது. ஒரு முகத்துக்கே மூன்று வாரம் ஆகியிருக்கிறது. சாரிடம் காட்டினேன். "இதுல நீ பார்த்தது எங்கம்மா இருக்கு? கேமரா பார்த்ததுதான் இருக்கு" என்றார். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 21-ஐயும் கட்டி அலமாரி மேலே போட்டேன்.

வாரம் 2

எழும்பூர் அருங்காட்சியகம், வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றபடி வரைந்தேன், 2B பென்சில் மட்டும். இந்தச் சிலைக்குத் திருவாசி (சுற்றி வரும் தீ வளையம்) இல்லை, விரிசடையும் இல்லை. அதனால் உடம்பு எப்படி நிற்கிறது என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. முதல் இரண்டு தடவையும் கைகளிலிருந்து தொடங்கினேன், உருவம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப்போவது போல வந்தது. மூன்றாவது தடவை பென்சிலைக் கையில் தொங்கவிட்டு, கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு பார்த்தேன். முயலகன் மேல் ஊன்றிய வலது பாதத்தின் பக்கம் வந்து இறங்கியது. தாளில் முதலில் அந்தக் கோட்டைப் போட்டேன். பிறகு இடுப்பு, பிறகு மடங்கிய முழங்கால், கைகள் கடைசியில். நின்றுவிட்டார்! இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

வாரம் 3, 4

ஒரே பொருளில் நான்கு தாளாவது இருக்கட்டும் என்றார் சார். அம்மா சாயங்காலம் மல்லி கட்டும் கையை எடுத்துக்கொண்டேன். இடது கை மொட்டுகளைப் பிடிக்கும், வலது கை நாரைச் சுற்றி இழுக்கும். முடிச்சு விழும் கணத்தில் விரலே அதை மறைத்துவிடும். கரித்துண்டால் தாளுக்கு ஒரு நிமிடம் என்று முப்பது வரைந்தேன். "இன்னும் எத்தனை நாளைக்கு என் கையையே வரைவ?" என்றாள் அம்மா, ஆனால் எனக்காக மெதுவாகக் கட்டினாள். மெதுவாகக் கட்டும்போது அது வேறு கை. வழக்கம்போலக் கட்டச் சொன்னேன். நான்கு தாள் தேறியது.

அவற்றை அப்படியே அடுக்கி வைத்தது என் தப்பு. மேலே இருந்த தாளின் முதுகில் கரி அச்சாக விழுந்திருந்தது. மங்கிய இடங்களை மறுபடி வரைந்து, கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸேட்டிவை ஒரு அடி தள்ளி நின்று மெல்லிசாக மூன்று தடவை அடித்தேன். கருப்பு இன்னும் கொஞ்சம் கூடுகிறது, அதனால் நிழலை முன்கூட்டியே ஒரு படி குறைத்து வைப்பது நல்லது. இப்போது ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பட்டர் பேப்பர்.

வாரம் 5

மவுண்ட் செய்யும் வேலை. கருப்பு அட்டையில் கரிப் படங்கள் செத்துப்போயின, வெளிறிய வெள்ளை அட்டைக்கு மாற்றினேன். மேல் ஓரத்தைவிடக் கீழ் ஓரம் அரை அங்குலம் அதிகம். பின்பக்கம் பென்சிலில் அளவு, ஊடகம், மாதம். நீர்வண்ணத்தில் நான் இன்னும் பலவீனம்தான், மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். முதல் தாள் நடராஜர், கடைசித் தாள் அம்மாவின் கை.

வாரம் 6

கட்டம் போட்ட முகத்தை, பார்க்க வந்த ஓவியர் நிற்காமல் புரட்டினார். அம்மாவின் கைகளில் நின்றார். பிறகு ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்து, சாய்ந்துபோன அந்த இரண்டு நடராஜர்களைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இதை ஏன் ஃபைல்ல வைக்கல?" தப்பாக வந்தது என்றேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பட்டர் பேப்பரை என் படத்தின் மேல் போட்டு, குறுக்கே வரும் இடது கையிலிருந்து தூக்கிய பாதம் வரைக்கும் ஒரே வளைவாகக் கோடு இழுத்தார். நான் அந்த இரண்டையும் தனித்தனியாக வரைந்திருந்தேன். அந்தப் பட்டர் பேப்பரை ஸ்கெட்ச் புத்தகத்தில் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.