ஆர்மாமலையில் ஆட்டு வாகனம்

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு, பழைய சமண ஓவியக் குகை இருக்கிற ஆர்மாமலை போய் வந்தேன். அவருக்கு மீன், எனக்கு ஓவியம், அதுதான் பேச்சு.

வேலூரிலிருந்து இருட்டோடு பைக்கில் கிளம்பினோம். ஆம்பூரைத் தாண்டி, மலையம்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஏரி. குத்தகை எடுத்தவரிடம் மாமா முன்னாடியே சொல்லிவைத்திருந்தார், கேட்காமல் தூண்டில் போட்டால் திட்டு நிச்சயம். ரீல் தூண்டிலெல்லாம் அவருக்கு ஆகாது. மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் தக்கை, கொட்டாங்கச்சியில் ஈரமண்ணோடு மண்புழு. தக்கை லேசாக ஆடினால் சும்மா இருக்கவேண்டும், சரக்கென்று உள்ளே போனால்தான் இழுக்கவேண்டும். நான் ஆடும்போதெல்லாம் இழுத்துப் புழுவைத் தானம் செய்துகொண்டிருந்தேன். "டேய், அதுங்களுக்கு டிபன் போடவா வந்தே?" என்றார். ஏழு ஜிலேபி, ஒரு கெளுத்தி. என் கணக்கில் ஒன்று.

மீனை டீக்கடை அக்காவிடம் கொடுத்துவிட்டு மலை ஏறும்போது மணி பத்தரை. தப்பு. பாறை கொதிக்கிறது, நிழல் கிடையாது, மாமா மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார். விடியலில் மலை, அப்புறம் மீன் என்று வைத்திருக்கவேண்டும்.

குகைக்குள் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. சுடாத செங்கல்லில் எழுப்பிய மண்சுவர்கள் மட்டும் நிற்கின்றன, 8ஆம் நூற்றாண்டு வாக்கில் சமண முனிவர்கள் இருந்த இடம். கண் பழகப் பழகத்தான் கூரையில் பச்சையும் காவியும் மெல்லத் தெளிகிறது, தாமரைக் குளம், இலை, அன்னம். சித்தன்னவாசல் குகை ஓவியம் பார்த்தவர்களுக்கு உடனே அது ஞாபகம் வரும். எட்டுத் திசைக் காவலர்களை வரைந்திருக்கிறார்கள், அதில் அக்கினி மனைவியோடு ஆட்டின் மேல் போகிறார். பாறையில் சுண்ணாம்புச் சாந்து பூசி அதன்மேல் வரைந்தது என்பதால் சாந்து உதிர்ந்த இடத்தில் படமும் போய்விட்டது. மழையும் வௌவாலும் செய்தது கொஞ்சம், காதலி பெயரைக் கிறுக்கிய பயல்கள் செய்தது மிச்சம். வயிறு எரிந்தது.

மாமா அண்ணாந்து பார்த்தார், குனிந்து தரையைப் பார்த்தார். வாசலெல்லாம் ஆட்டுப் புழுக்கை. "வாகனம் இறங்கி மேயப் போயிருக்குதுடா" என்றார்.

இறங்கி வந்தால் அக்கா மீனை ஆய்ந்து, மஞ்சள் உப்புப் போட்டு வைத்திருந்தார். காசு வாங்கவில்லை, கெளுத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்.