உங்க காலை யார் பார்ப்பாங்க?

சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், பாதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன். வெறுங்காலில் நடக்காதீர்கள், தினமும் பாதத்தைப் பாருங்கள், நகத்தை நேராக வெட்டுங்கள், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்து, நோட்டில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதிவிடுவேன்.

அப்படி எழுதிய நோட்டோடு ஒரு பெரியவர் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே வாடை அடித்தது. வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஆணி ஏறி, அதன் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தாரோ! "வலிக்கவே இல்லையேம்மா" என்றார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தது.

"தினமும் பார்க்கச் சொன்னேனே அய்யா?" என் குரலில் கோபம் இருந்திருக்கும்.

"நீ சொன்ன மாதிரி தினமும் பார்த்தேன் தாயி. ஒண்ணும் தெரியலையே."

அவர் பொய் சொல்லவில்லை. சர்க்கரை அவருடைய விழித்திரையையும் விட்டுவைக்கவில்லை. முட்டி வலியில் காலை மடக்கவும் முடியாது. மங்கிய கண்ணால், எட்டாத பாதத்தைத் தினமும் பார்த்திருக்கிறார். அவருக்குக் கண் தெரிகிறதா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அந்த நோட்டில் இருந்த என் கையெழுத்து இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்புறம் முதல் கேள்வியையே மாற்றிக்கொண்டேன்: "வீட்டில் உங்க காலை யார் பார்ப்பாங்க?" மனைவியோ, மருமகளோ, பேரனோ யாராக இருந்தாலும் அடுத்த முறை கூட்டிவரச் சொல்வேன். பாதத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை அவர்கள் முன்னால்தான். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழை ஒன்று உண்டு. முதலில் கையில் தொட்டுக் காட்டுவேன். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் இடம் மாற்றி மாற்றி வைப்பேன். பலர் முதலில் காலை இழுத்துக்கொள்வார்கள். "நீ போய் என் காலைத் தொடலாமா சாமி" என்பார்கள். அந்தக் கூச்சம் விலகவே சில நிமிடம் ஆகும். அவசரப்படக் கூடாது.

ஒரு அம்மாவுக்கு அப்படி நாலு இடத்தில் வைத்து முடித்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "சரி, ஆரம்பிங்கம்மா" என்றார். பக்கத்தில் நின்ற மகனுக்கு முகம் மாறிவிட்டது. செருப்பைப் போடுமுன் உதறி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்பதை அன்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகனே கேட்டார்.

மரத்த பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் அடித்தளம் வைத்த எம்.சி.ஆர். செருப்பு என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். தொழுநோயாளிகள் போடுவதாயிற்றே என்று. உண்மைதான். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களைக் காப்பாற்றப் பட்ட பாட்டிலிருந்துதான், வலி தெரியாத காலை எப்படிக் காப்பது என்று நாம் நிறையக் கற்றோம். நோய் வேறு, ஆபத்து ஒன்று. அடிபட்டது தெரியாது. இதை மறைக்காமல் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நடவு வேலைக்குப் போகிற ஒரு அக்கா கேட்டார்: "சேத்துக்குள்ள செருப்போடயாம்மா இறங்குறது?" வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? கரையேறியதும் காலைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் விரலிடுக்கைத் துடைப்பது, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மகள் பார்ப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

போன மாதம் மகளோடு வந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். நான் கேட்குமுன்னே அம்மாவின் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தாள். "நாலாவது விரலுக்குப் பக்கத்துல வெள்ளையா ஊறியிருக்கு அக்கா. முந்தாநாள் இல்ல, நேத்துதான் பார்த்தேன்."

விரலை விரித்துப் பார்த்தேன். சேற்றுப்புண், அப்போதுதான் ஆரம்பம். தோல் இன்னும் கிழியவில்லை. மூவருமாக டாக்டர் அறைக்குப் போனோம்.