பிரியென்ட்ஸ் முகட்டில் தனியே ஒரு பகல்

சுவிட்சர்லாந்தின் பிரியென்ட்ஸ் ஏரிக்கு வடக்கே, பிரியென்ட்ஸர் ரோத்ஹோர்ன் சிகரத்திலிருந்து இண்டர்லாக்கனுக்கு மேலுள்ள ஹார்டர் குல்ம் வரை, மலைமுகடு ஒன்று நெடுந்தொலைவு நீள்கிறது. 1892-இல் தொடங்கப்பட்ட நீராவி ரயில் ரோத்ஹோர்னுக்கு ஏறி வருவதால் சிகரத்தில் எப்போதும் கூட்டம் இருக்கும். முதல் நாள் மாலையே அங்குள்ள விடுதியில் தங்கி, விடியலில் மேற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டால், சற்று நேரத்திலேயே மனிதக் குரல்கள் ஓய்ந்துவிடுகின்றன.

இந்த முகட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் புல்தான். உச்சி விளிம்பு வரை புல் மூடியிருக்க, சில இடங்களில் ஓரடி அகலமே உள்ள தடத்தின் இருபுறமும் சரிவு செங்குத்தாக இறங்குகிறது. தெற்கே, ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கும் கீழே, ஏரி நீலமாகத் தெரிகிறது. பாறையில் வழுக்கினால் கை எதையாவது பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு, ஆனால் நனைந்த புற்சரிவில் சறுக்கத் தொடங்கிய உடலை நிறுத்த எதுவும் இல்லை என்பதால், மழைக்கு மறுநாள் இங்கே கால் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மலைநடையின் கடினத்தைக் குறிக்கும் சுவிஸ் ஆல்பைன் கழகத்தின் ஆறு படிநிலைகளில் இவ்வழி ஐந்தாவதாகிய டி5 என மதிப்பிடப்படுவதும் பொருத்தமே.

2221 மீட்டர் உயரமுள்ள டான்ஹோர்னில் முகடு மிகவும் குறுகிவிடுகிறது. கைகளையும் ஊன்றித் தொற்றி ஏற வேண்டிய இத்தகைய இடங்களில், இறங்கித் திரும்ப முடியாத எந்தப் படியிலும் ஏறுவதில்லை என்பதே தனியே செல்லும் எனக்கு நான் வகுத்துக்கொண்ட விதி. துணை இருந்தால் பேச்சிலும் தயக்கத்திலும் கலைந்துபோகும் கவனம், இங்கே அடுத்த பிடியிலும் அடுத்த அடியிலும் முழுமையாகத் தங்குகிறது; ஐகர், மோன்க், யுங்ஃப்ரா சிகரங்கள் எதிரே நிற்பதைக்கூட நின்ற பிறகே நிமிர்ந்து பார்க்கிறேன். இந்த நிறைவுக்காகவே தனிமையை விரும்புகிறேன்.

முகட்டில் தண்ணீர் கிடையாது. பிற்பகல் இடிமழைக்கு ஒதுங்கவும் இடமில்லை. ஔக்ஸ்ட்மட்ஹோர்ன் சிகரத்தை நெருங்கும்போது ஐபெக்ஸ் மலையாடுகள் தடத்தை மறித்து நிற்பதுண்டு. இத்தாலியின் கிரான் பாரடீசோ மலைப்பகுதியில் மட்டும் எஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்துக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்ட இனம் அது. அவை தாமாக விலகும்வரை காத்திருப்பதே முறை.

தனியே செல்ல விரும்புவோர், 2137 மீட்டர் உயரமுள்ள ஔக்ஸ்ட்மட்ஹோர்னுக்கு மட்டும் முதலில் ஏறிப் பார்ப்பது நல்லது. அந்த விளிம்பில் கால்கள் நடுங்கவில்லை என்றால், நன்கு காய்ந்த ஒரு நாளில் டான்ஹோர்னைப் பற்றி யோசிக்கலாம்.