மாநாட்டுப் பேராளர்களுக்கு ஏற்ற விடுதி: கோலாலம்பூரில் தேடிய அனுபவம்

கோலாலம்பூரில் நாங்கள் நடத்திய தமிழ்க் கல்வி மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவில், வெளியூர், வெளிநாட்டுப் பேராளர்களுக்குத் தங்குமிடம் பார்க்கும் பொறுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரப் பதிந்திருந்தவர்களில் சக்கர நாற்காலியில் வருவோர், பார்வையற்ற ஆசிரியர்கள், காது கேளாதோர் எனப் பலர் இருந்தனர். அவர்களுக்கு ஏற்ற விடுதியைக் கண்டறிய எதைக் கேட்டோம், எதை அளந்தோம், எதை எழுத்தில் வாங்கினோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே பொறுப்பு நாளை வேறொருவரிடம் வரும்போது பயன்படும் என்று நம்புகிறேன்.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் மற்றவர்களுக்கு இணையாகப் பயன்படுத்தும் உரிமையை ஓகேயு (மலாய் மொழியில் மாற்றுத்திறனாளிகளைக் குறிக்கும் சுருக்கப் பெயர்) பிரிவினருக்கு வழங்குகிறது. கட்டட அமைப்புக்கு எம்எஸ் 1184 என்ற மலேசியத் தரநிலையும் உண்டு. 2010இல் மலேசியா, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் 685இல் மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு இல்லை. இரவு பத்து மணிக்கு விமான நிலையத்திலிருந்து களைத்து வந்து சேரும் ஒருவரின் சக்கர நாற்காலி குளியலறைக்குள் நுழையவில்லை என்றால், அந்த நேரத்தில் சட்டப் பிரிவு எதுவும் கைகொடுக்காது. முன்கூட்டியே நேரில் பார்த்து, விடுதியிடம் எழுதி வாங்கிய உறுதிமொழிதான் கைகொடுக்கும். நான் செய்த வேலை முழுவதும் இந்த எண்ணத்தை ஒட்டியே நடந்தது.

முதலில் பதிவுப் படிவத்தை மாற்றினோம். பழைய படிவத்தில் “சிறப்புத் தேவை உண்டா?” என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக, சக்கர நாற்காலி கையால் தள்ளுவதா, பேட்டரியில் ஓடுவதா, அதன் மொத்த அகலம் என்ன, கட்டிலுக்கு மாறும்போது உதவி வேண்டுமா, உதவியாளர் உடன் வருகிறாரா, குளிக்க நாற்காலி தேவையா, அச்சில் படிப்பதா, பிரெயிலா, ஒலிவடிவமா என்று தனித்தனியாகக் கேட்டோம். நோயின் பெயரையோ மருத்துவச் சான்றையோ கேட்கவில்லை. விடுதி அறைக்கு அது தேவையில்லாத செய்தி. இந்தப் பதில்கள் வந்த பிறகுதான் எத்தனை அறை, எப்படிப்பட்ட அறை என்ற கணக்கே தெளிவாயிற்று.

அடுத்துப் பல விடுதிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். “எங்களிடம் ஓகேயு அறை இருக்கிறது” என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் பதிலாக வந்தது. அதனால் பட்டியலைச் சுருக்க ஒரு வழி செய்தோம். அறைக் கதவு, குளியலறைக் கதவு, கழிப்பறை இருக்கையின் பக்கவாட்டு இடம், குளிக்குமிடம் ஆகியவற்றின் மேல் அளவு நாடாவை வைத்துப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டோம். உடனே அனுப்பியவர்கள் சிலரே. அந்தச் சிலரை மட்டும் நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

நேரில் பார்க்கும்போது என்னுடன் கிள்ளானிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். நீண்ட காலமாகச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். அவருக்கு ஆலோசனைக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று நான் குழுவில் சொன்னபோது, “நம்ம ஆளுதானே, இதுக்கெல்லாமா காசு?” என்று ஒருவர் கேட்டார். ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுக்கிறோம். இவருடைய அறிவும் அப்படிப்பட்ட தொழிலறிவுதான் என்று வாதாடி ஒப்புதல் பெற்றேன். அந்தச் செலவுக்கு ஈடான பயன் வேறு எந்தச் செலவிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர் முகப்பிலிருந்தே தொடங்கினார். வாசல் சாய்தளத்தின் சரிவை ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவான கணக்கு. அதைவிடச் செங்குத்தானால் கையால் தள்ளுபவர் தனியே ஏறுவது கடினம். ஒரு விடுதியில் சாய்தளம் சரியாக இருந்தது, ஆனால் அது முடியுமிடத்தில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். இன்னொன்றில் முகப்புக் கூடத்தின் கம்பளம் அத்தனை தடிமன். முன்சக்கரங்கள் அதில் புதைந்து நாற்காலி திரும்பவே மறுத்தது.

எங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் குளியலறைகளிலேயே கழிந்தது. கதவைத் திறந்து, கதவுப் பலகைக்கும் எதிர் நிலைச்சட்டத்துக்கும் இடையே உள்ள இடத்தை அளக்க வேண்டும். வெறும் சட்டத்தை அளந்தால் கணக்குத் தப்பும். எங்களுக்கு 800 மில்லிமீட்டர் குறைந்தபட்சம், 850 இருந்தால் நிம்மதி. உள்ளே நாற்காலி முழுவதுமாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். ஓர் அறையில் கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில் பளபளக்கும் எஃகுக் கம்பி ஒன்று இருந்தது. விடுதிக்காரர் அதைப் பிடிமானக் கம்பி என்று காட்டினார். ஆசிரியை அதன்மேல் கையை வைத்து மெல்ல எடையைக் கொடுத்தார். சுவர் ஓட்டிலிருந்து திருகாணி அசைந்து, வெள்ளைத் தூள் கொட்டியது. அது துண்டு தொங்கவிடும் கம்பி. ஈரக் காலோடு ஒருவர் முழு எடையையும் அதன்மேல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே எனக்கு நடுக்கமாக இருந்தது. அதன் பிறகு எந்த விடுதிக்குப் போனாலும் கம்பியை அசைத்துப் பார்க்காமல் நாங்கள் வெளியே வரவில்லை.

கட்டிலின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆளைத் தூக்கி மாற்றும் கருவியின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். தரையோடு அடைத்த பெட்டிக் கட்டிலாக இருந்தால் அந்தக் கருவியால் பயனில்லை.

நாங்கள் கடைசியாகத் தேர்ந்தெடுத்த விடுதி, பார்த்தவற்றிலேயே நவீனமானது அன்று. அங்கே ஓர் அறையின் குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்து இடத்தை அடைத்துக்கொண்டது. பராமரிப்புப் பிரிவில் இருந்த தமிழ் இளைஞர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அக்கா, இந்தக் கதவைக் கழற்றிட்டு கனமான திரை மாட்டித் தரட்டுங்களா? கீலையும் எடுத்துட்டா இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்” என்று ஆசிரியையிடம் கேட்டார். நாங்கள் கேளாமலே தீர்வு சொன்ன முதல் ஆள் அவர்தான். எல்லாம் இருப்பதாகச் சொல்லி எதையும் காட்டாத இடத்தைவிட, குறையை ஒப்புக்கொண்டு கையில் திருப்புளி எடுக்கும் இடம் மேலானது என்பது என் உறுதியான கருத்து.

மாநாட்டு மண்டபத்தில் மேடை 60 சென்டிமீட்டர் உயரம். மேற்சொன்ன சரிவுக் கணக்கின்படி சாய்தளம் 7.2 மீட்டர் நீள வேண்டும்; அதற்கு இடமில்லை. சக்கர நாற்காலியில் வருபவரைக் கீழே நிறுத்தி ஒலிவாங்கி கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. கட்டுரை படைப்பவர்களில் ஒருவர் மட்டும் கீழே, மற்றவர்கள் மேலே என்பதை நான் ஏற்கவில்லை. மேடையையே 20 சென்டிமீட்டருக்குத் தாழ்த்தச் சொன்னோம், 2.4 மீட்டர் சாய்தளம் போதுமானதாயிற்று.

பார்வையற்ற பேராளர்களுக்கு மின்தூக்கியில் பிரெயில் பொத்தானும் தளத்தைச் சொல்லும் குரலும் இருக்கின்றனவா என்று பார்த்தோம். விளக்கு, குளிரூட்டி எல்லாம் தொடுதிரையில் இயங்கும் அறைகளைத் தவிர்த்தோம். அழுத்தும் பொத்தான் உள்ள அறைகளைக் கேட்டு வாங்கினோம். அறை அட்டையை எந்தப் பக்கம் செருகுவது என்று விரலால் உணர, அட்டையின் ஒரு மூலையைச் சிறிது வெட்டித் தந்தார்கள். காலை உணவு மேசையில் எது எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லிப் பரிமாற ஒரு பணியாளரை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

காது கேளாதோர் விஷயத்தில் குழுவுக்கே ஒன்றை விளக்க வேண்டியிருந்தது. மலேசியச் சைகை மொழியும் இந்தியச் சைகை மொழியும் வெவ்வேறு மொழிகள். இங்குள்ள சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்திவிட்டால் சென்னையிலிருந்து வருபவருக்கும் போதும் என்பது சரியன்று. ஆகவே இந்தியச் சைகை மொழி தெரிந்தவர்களை உடன் அழைத்து வர ஏற்பாடு செய்தோம். இடைவிடாமல் சைகை செய்வது கடும் உழைப்பு என்பதால் ஓர் அமர்வுக்கு இருவர் மாறி மாறி நின்றார்கள். திரையில் படம் காட்ட விளக்கை அணைத்தாலும் அவர்கள்மேல் மட்டும் ஒளி விழும்படி செய்தோம்.

சிறிய செய்தி ஒன்று: இந்தியாவின் உருண்டைக் கால் பிளக் நம் நாட்டு மூன்று செவ்வகத் துளையில் நுழையாது. பேட்டரி நாற்காலிக்காரர் இரவில் சார்ஜ் ஏற்ற முடியாவிட்டால் மறுநாள் அறையிலேயே இருக்க வேண்டியதுதான். அடாப்டர்களை அறையிலேயே வைத்துவிட்டோம்.

எனக்கு மிகுந்த கவலை தந்தது தீ விபத்துப் பாதுகாப்பு. தீ எச்சரிக்கை ஒலித்தால் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. அப்போது பதினைந்தாம் மாடியில் இருக்கும் சக்கர நாற்காலிக்காரர் என்ன செய்வார் என்று ஒவ்வொரு விடுதியிலும் கேட்டேன். “எங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள்” என்றார் ஒரு மேலாளர். யார் அந்த ஆட்கள், இரவுப் பணியில் எத்தனை பேர், பயிற்சி பெற்றவர்களா என்ற கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. நாங்கள் தேர்ந்த விடுதியில் படியிறக்கும் நாற்காலி ஒன்று இருந்தது. அதை உறையிலிருந்து எடுத்து, எங்கள் கண்முன்னே ஓர் ஆளை உட்காரவைத்து ஒரு தளம் இறக்கிக் காட்டச் சொன்னோம், செய்து காட்டினார்கள். நடக்க இயலாதவர்கள் அனைவருக்கும் தாழ்வான தளங்களிலேயே அறை கேட்டோம். காது கேளாதவர்களின் அறையில் மின்னும் விளக்கு எச்சரிக்கையும் தலையணைக்கு அடியில் அதிரும் கருவியும் வைக்க ஏற்பாடாயிற்று.

ஒப்பந்தத்தில் அறை எண்களையே எழுதச் சொன்னோம். ஓகேயு அறை இத்தனை என்று மட்டும் எழுதினால், வேறு விருந்தினருக்கு அதைக் கொடுத்துவிட்டுச் சாதாரண அறையைத் தரும் ஆபத்து உண்டு. அளந்து பார்த்த அறை எண், கழற்றப்பட வேண்டிய கதவு, குளியல் நாற்காலி, எச்சரிக்கைக் கருவி, காலை உணவுப் பணியாளர், இரவு நேரப் பொறுப்பாளரின் பதவி ஆகிய அனைத்தும் இணைப்பாகச் சேர்ந்தன. பேராளர்கள் வருவதற்கு முந்திய மாலை ஆசிரியையும் நானும் அதே அளவு நாடாவோடு அந்த அறைகளுக்கு மீண்டும் போனோம். கதவு கழற்றப்பட்டிருந்தது, திரை தொங்கியது. ஒரு குளியல் நாற்காலி மட்டும் வந்து சேரவில்லை. அது வரும்வரை சாவிகளைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடாமல் வரவேற்பு மேசையிலேயே காத்திருந்தோம்.