பெரிய டயர் போட்ட வி-கிராஸ்: மைலேஜ் உண்மையில் எவ்வளவு குறைந்தது?

மூன்று வாரமாக மண்டையைக் குடைந்த கணக்கு நேற்று சாயங்காலம் பிடிபட்டுவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி 2017 இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், மேனுவல். கூட வந்த 245/70 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 ஏ.டி. டயர், அதாவது கரடுமுரடான பாதைக்கும் ஏற்றது, மாட்டினேன். முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம். காகிதக் கணக்கில் விட்டம் 749 மி.மீ.யிலிருந்து 804 மி.மீ., அதாவது 7.3 சதவீதம் கூடுதல். நீலாம்பூரில் டேங்க் நிரப்பி, சேலம் போய்த் திரும்பி, அதே பங்கில் மறுபடி நிரப்பினால் முன்பு லிட்டருக்கு 12.8 கிலோமீட்டர் வரும். புது டயரில் 10.9. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. கிட்டத்தட்ட 15 சதவீதம் போயே போச்சு!

ஆனால் டயர் மாறிய சேதி ஓடோமீட்டருக்குத் தெரியாது. சக்கரம் ஒரு சுற்றுக்கு இப்போது கூடுதல் தூரம் போகிறது, மீட்டர் பழைய கணக்கிலேயே எண்ணுகிறது. சரி, 7.3 சதவீதம் கூட்டிக்கொண்டால் போதுமே என்று விட மனம் வரவில்லை. வண்டி பாரத்தில் டயர் அமுங்கும், தேய்ந்த டயர் சிறுத்திருக்கும். அளந்தே தீருவது என்று பொள்ளாச்சியில் மாமாவின் தேங்காய்க் களத்துக்கு ஓட்டிப் போனேன். சமமான சிமெண்ட் தரை, நீளமும் தாராளம்.

முதல் நாள் முழுக்க வீண். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, அது தரையைத் தொடும் இடத்தைக் கண்ணால் குறித்தேன். மூன்று தடவை உருட்டினால் மூன்று அளவு, 18 செ.மீ. வரை வித்தியாசம். மறுநாள் மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு வாங்கி, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து தொங்கவிட்டுக் குறித்தபோதுதான் அளவு நின்றது. அளந்தது பின் சக்கரத்தை. மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கணக்கு எடுப்பதால் 2எச்-ல், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்போது, அதற்குத் தெரிவது பின் சக்கரம்தான். பத்துச் சுற்று, ஸ்டியரிங் நேராக, இரண்டு பேர் தள்ள, 30 மீட்டர் டேப்.

ஒருமுறைகூட ஓடாத ஸ்டெப்னி பழைய சைஸ்தான். அதையும் பின்னால் மாட்டி அளந்தேன்: 22.85 மீட்டர். மீட்டர் நம்பியிருப்பது இந்த அளவை. தேய்ந்த பழைய டயர் 22.60, புது டயர் 24.47. அப்படியென்றால் பழைய டயரிலும் மீட்டர் ஒரு சதவீதம் கூட்டித்தான் காட்டியிருக்கிறது! அந்த 12.8 உண்மையில் 12.66. இப்போதைய 10.9 உண்மையில் 11.67. ஆக, நிஜ இழப்பு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர், 8 சதவீதம். மீதி எல்லாம் மீட்டர் செய்த மாயம்.

கையோடு 35 பி.எஸ்.ஐ. காற்றை 28-க்கு இறக்கியும் பார்த்தேன். பத்துச் சுற்றில் 8 செ.மீ.தான் குறைந்தது. ரேடியல் டயரின் இரும்பு பெல்ட் சுருங்காது அல்லவா.

அந்த 8 சதவீதத்துக்குக் காரணம் டயரின் எடையும், தரையைத் தொடும் பட்டையும். கொப்பரைத் தராசில் பழைய டயர் 15½ கிலோ, புதியது 22½. அகலமும் கட்டைப் பட்டையும் உருளும்போது இழுக்கின்றன. டீசல் பிடிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: நுரை பொங்கி, குழாய் தானாக நிற்கும் முதல் கிளிக் சீக்கிரமே விழுந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி பிடித்தால்தான் நிரப்பிய கணக்கு சரியாக வரும்.

ஓட்டும்போது நன்றாகத் தெரிவது கியர்தான். ஒவ்வொரு கியரும் 7 சதவீதம் நீண்டுவிட்டது, அதாவது அதே வேகத்தில் இன்ஜின் முன்பைவிட மெதுவாகச் சுற்றுகிறது. இந்த இன்ஜினின் 320 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிடத்துக்கு 1800 சுற்றில்தான் முழுதாக வருகிறது. முன்பு ஐந்தாவதில் ஏறிய மேம்பாலத்துக்கு இப்போது நான்காவது கேட்கிறது. வேகம் காட்டும் ஸ்பீடோமீட்டர் 100 காட்டினால் ஜி.பி.எஸ். 102 சொல்கிறது, முன்பு 95தான். கேமரா உள்ள சாலையில் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். பிரேக்கும் சற்று ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கிறது.

டயர் வாங்கிய கடையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான்கில் ஒன்று மற்ற மூன்றைவிட இரண்டு வருடம் பழையது. பக்கவாட்டில் உள்ள டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வாரமும் வருடமும், மாட்டும் முன்பே பாருங்கள். நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் மட்பிளாப்பில் உரசுவது இன்னும் தீரவில்லை. ஸ்டெப்னியும் புது சைஸில் வாங்க வேண்டும், சைஸ் மாறிய சக்கரத்தோடு நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் போடக் கூடாது. அதற்கு நடுவே வால்பாறை ஆசை வந்துவிட்டது. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள், முன்பெல்லாம் இரண்டாவது கியரிலேயே ஏறிவிடுவேன். இப்போது எத்தனை வளைவில் முதல் கியர் கேட்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை எண்ணப்போகிறேன். தள்ள வந்த மச்சான்தான் கூட வருகிறான், நோட்டும் பேனாவும் அவன் பொறுப்பு.