கம்பைலர் டிசைன்: அரியர் தீர்ந்த கதை

நேற்று முடிவு வந்தது. இரண்டாம் முறையில் தேறிவிட்டேன். கோத்தகிரியில் விடாத மழை, மின்சாரம் இல்லை. செல்போனில் மிச்சமிருந்த சார்ஜில் பார்த்தேன்.

முதல் முறை என்னைக் கவிழ்த்தது கடைசி 15 மதிப்பெண் கேள்வி. நிரல் மொழிக்குப் புதிய நீட்சி ஒன்றைச் சேர்த்தால், நிரலைக் கட்டம் கட்டமாக இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் அது எங்கே அமரும்? “இலக்கணத்தில் ஒரு விதி சேர்த்தால் போதும், மற்றதைப் பார்சர் பார்த்துக்கொள்ளும்” என்பதையே நான்கு பக்கம் இழுத்தேன். நிரலைச் சொல்சொல்லாக வெட்டும் லெக்ஸர், இலக்கணப்படி பிரிக்கும் பார்சர் இரண்டையும் உருவாக்கித் தரும் லெக்ஸையும் யாக்கையும் மட்டும் கரைத்துக் குடித்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறார். புலம்பியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏலக்காய் மணத்தை உலர்த்திச் சலித்த பிறகும் சேர்க்கலாம். கிரீன் டீக்கு உருட்டும் முன்பே ஆவி காட்டியாக வேண்டும். இலை புளித்த பிறகு காட்டி என்ன பயன்?”

அன்றிலிருந்து இரண்டே கேள்விதான் கேட்டுக்கொண்டேன். இந்த நீட்சிக்கு என்ன தகவல் வேண்டும்? அது எந்தக் கட்டத்தில் கிடைக்கிறது, எங்கே தொலைகிறது?

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் லாம்டாகேஸ் என்ற நீட்சி ஒரு புது எழுத்துமுறை. பார்சர் ஏற்க வேண்டும். கோர் என்ற சிறு மொழிக்கு இறங்கும்போது அது சாதாரண கேஸ் (மதிப்பைப் பார்த்துக் கிளை பிரிவது) ஆகிவிடுகிறது, நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. ஓவர்லோடட் ஸ்ட்ரிங்ஸ் என்ற இன்னொரு நீட்சி நேர்மாறு: மேற்கோளுக்குள் “ஊட்டி” என்று எழுதுவது அப்படியேதான் இருக்கிறது, இலக்கணத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அதன் வகைதான் (டைப், அதாவது அது எந்த மாதிரி மதிப்பு என்பது) மாறுகிறது. என் நான்கு பக்கத்துக்கும் இந்த ஒன்றே பதில்.

ரஸ்ட் மொழியின் புரொசீஜரல் மேக்ரோ (நிரலை எழுதித் தரும் நிரல்) டோக்கன்களை, அதாவது நிரலின் தனித்தனிச் சொற்களை, வாங்கி டோக்கன்களையே திருப்பித் தருகிறது. வகைச் சோதனைக்கு முன்பே ஓடுவதால் வகை பற்றி அதனிடம் கேட்க முடியாது. கிளாங் என்ற சி மொழிக் கம்பைலரின் பிளகின் (செருகுநிரல்), பார்சர் கட்டும் தொடரியல் மரத்தைப் பார்க்கிறது. அதன் பின்பகுதியான எல்எல்விஎம்மில் ஓடும் பாஸ் (ஒரு சுற்று) பார்ப்பது ஐஆர் என்ற இடைநிலை வடிவம். லூப்பை ஃபாரில் எழுதினோமா வைலில் எழுதினோமா என்பது அதற்குள் கரைந்துவிட்டிருக்கும்.

இந்தத் தேர்வை இனி எழுதுவோருக்குச் சில குறிப்புகள்:

- பெரிய கேள்வியை முதலில் எழுதுங்கள். கடைசிக்கு வைத்தால் எனக்குக் கை ஓடாது.
- கட்டங்களைப் படமாக வரைந்து, ஒவ்வொரு நீட்சிக்கும் நுழையும் இடத்தில் அம்புக்குறி போடுங்கள். இதுதான் என்னைக் காப்பாற்றியது.
- பார்சருக்கான எல்ஏஎல்ஆர் அட்டவணை போடும் கேள்வியை நான் தொடவில்லை. துணிவிருந்தால் தொடுங்கள்.
- ஸ்கேல் மறக்காதீர்கள். குளிரில் விரல் விறைத்து என் அம்புகள் எல்லாம் வளைந்தே இருந்தன.